செவ்வாயும் வியாழனும்

அந்தப் பள்ளியில் செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் பாடவேளை கிடையாது. விடுமுறை என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகள் காலையில் பஸ் பிடித்து ஊருக்குள் போய்விடுவார்கள். ஒருவர் கால்நடை மருத்துவமனைக்கு, ஒருவர் வக்கீல் அலுவலகத்துக்கு, இன்னொருவர் பேக்கரிக்கு, மற்றொருவர் படகு கட்டும் பட்டறைக்கு. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தது முதல் பன்னிரண்டு முடிக்கும் வரை நான்கு ஆண்டும் இப்படித்தான்.

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். அதன் தலைநகர் பிராவிடன்ஸில் 1996 செப்டம்பரில் 50 பிள்ளைகளோடு தொடங்கிய அரசுப் பள்ளி அது. முழுப்பெயர் மெட்ரோபாலிட்டன் ரீஜனல் கேரியர் அண்ட் டெக்னிகல் சென்டர். அத்தனை நீளத்தை யார் சொல்லிக்கொண்டிருப்பது? ஊருக்கு அது 'மெட்'.

பள்ளிப் பிள்ளைகளை வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்புவது அதற்கு முன்பும் நடந்ததுதான். 1969இல் பிலடெல்பியாவின் எடிசன் உயர்நிலைப் பள்ளிக்குள் மின்சாரத் தொழிலுக்கென்றே ஓர் அகாடமி தொடங்கினார்கள். உள்ளூர் மின்சார நிறுவனம் கைகொடுத்தது. அங்கிருந்து பல ஊர்களுக்கு அந்த முறை பரவியது. ஆனால் அதில் தொழில் முதலில் முடிவாகிவிடும், பிள்ளை பிறகு வந்து சேர வேண்டும். மற்ற ஊர்களில் இன்டர்ன்ஷிப் என்றால் கோடை விடுமுறையில் சில வாரம், அல்லது பள்ளி விட்ட பிறகு மாலையில் ஒரு மணி நேரம். படிப்பின் ஓரத்தில் ஒட்டவைத்த காரியம். மெட் பள்ளியோ தன் ஐந்து நாள் வாரத்திலிருந்து இரண்டு நாளை எடுத்து ஊரிடம் கொடுத்துவிட்டது. எந்தப் பள்ளிக்கூடமும் எளிதில் விட்டுத்தராத சொத்து அதன் நேரம். அதை விட்டுத்தரும் துணிவு எப்படி வந்தது என்பதைத் தேடிப் போனால், பிராவிடன்ஸிலிருந்து வடக்கே, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்செஸ்டர் என்ற சின்ன ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

1981இல் அந்த ஊரின் தேயர் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார் டென்னிஸ் லிட்கி. டெட்ராய்ட்டில் பிறந்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலிலும் கல்வியியலிலும் முனைவர் பட்டம் பெற்றவர். அதற்கு முன்பு நியூயார்க்கிலும் லாங் ஐலண்டிலும் பள்ளிகளில் வேலை பார்த்திருந்தார். வின்செஸ்டர் வசதியான ஊர் இல்லை. பள்ளியும் சோர்ந்து கிடந்தது. பள்ளி திறக்கும் முன்பே பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துப் பேசினார் லிட்கி. உனக்கு என்ன பிடிக்கும், இந்தப் பள்ளியில் எது பிடிக்கவில்லை, பொழுது எப்படிப் போகிறது? இதைக் கேட்பதற்கென்றே நேரம் ஒதுக்கிய தலைமையாசிரியரை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

கேட்ட பிறகு சும்மா இருக்க முடியாதல்லவா? வகுப்பில் உட்காரவே பிடிக்காத பையனுக்கு மரவேலையில் கை ஓடும் என்று தெரிந்துவிட்டால், பட்டறைக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்துத்தான் ஆக வேண்டும். அப்படித்தான் தேயரில் பிள்ளைகள் ஊரிலுள்ள தொழில் இடங்களுக்குப் போய்ப் பழகும் ஏற்பாடு உருவானது. அங்கே லிட்கியோடு சேர்ந்து வேலை செய்த எலியட் வாஷர் பிற்பாடு மெட் பள்ளியை அவரோடு சேர்ந்து கட்டியவர். கையால் செய்து கற்பதில் வாஷருக்கு இருந்த பிடிமானம் இந்தக் கதையில் லிட்கியின் பங்குக்குக் குறைந்ததில்லை.

ஊரில் எல்லோரும் இதை ரசிக்கவில்லை. தாடி வைத்த, டை கட்டாத தலைமையாசிரியரும் அவருடைய புதுமுறைகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1986இல் பள்ளி நிர்வாகக் குழு அவரை நீக்க முடிவெடுத்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. வழக்கு நடந்தது, தேர்தல் நடந்தது, கடைசியில் அவர் பதவியில் நீடித்தார். 1992இல் அந்தச் சண்டையே ஒரு தொலைக்காட்சிப் படமாக வந்தது. அந்தச் சண்டையில் அவர் பக்கம் உறுதியாக நின்றவர்களில் பெற்றோர் பலர் இருந்தார்கள். தங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவரை இழக்க அவர்களுக்கு மனமில்லை.

அதே காலத்தில் பிராவிடன்ஸின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தியடோர் சைசர் என்ற கல்வியாளர் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைச் சுற்றிவந்து 1984இல் ஒரு நூல் எழுதியிருந்தார். அவர் பார்த்த பள்ளிகளில் ஓர் ஆசிரியர் ஒரு நாளில் நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். அத்தனை பேரின் கட்டுரையை எப்போது படிப்பது, யாருடைய முகம் எப்போது வாடியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே ஆண்டில் சைசர் தொடங்கிய பள்ளிகளின் கூட்டமைப்பு, உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 80 மாணவர்களுக்கு மேல் கூடாது என்பதை இலக்காக வைத்தது. தேயரும் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அந்தத் தொடர்பின் வழியாகவே 90களின் நடுவில் லிட்கியும் வாஷரும் பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்த நேரம் நல்ல நேரம்.

பிராவிடன்ஸ் ஒரு காலத்தில் கைத்தொழிலால் வாழ்ந்த நகரம். கோர்ஹம் வெள்ளிச் சாமான்கள், பிரவுன் அண்ட் ஷார்ப் அளவுக் கருவிகள், தெருவுக்குத் தெரு கவரிங் நகைப் பட்டறைகள், நெசவாலைகள். 90கள் பிறந்தபோது அவற்றில் பெரும்பகுதி மூடியோ இடம் பெயர்ந்தோ போயிருந்தது. இந்தச் சூழ்நிலையில் நகரத்தில் புதிதாக ஒரு தொழிற்கல்விப் பள்ளி கட்ட 1994இல் ரோட் ஐலண்ட் வாக்காளர்கள் 2.9 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். பணம் வந்துவிட்டது. எந்தத் தொழிலைக் கற்றுத்தருவது? கண்ணெதிரே தொழிற்சாலைகள் காலியாகும் ஊரில் கடைசல் இயந்திரங்களை வாங்கி வரிசையாக நிறுத்தினால், பிள்ளை படித்து வெளியே வரும்போது அந்த வேலை இருக்குமா?

அதோடு, தொழிற்கல்வி என்ற பெயருக்கே ஒரு களங்கம் ஒட்டியிருந்தது. 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் அமெரிக்காவில் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பணத்தைக் கொண்டுவந்தது. கூடவே அதைத் தனிப் பாதையாகவும் ஒதுக்கிவைத்தது. கல்லூரிக்குப் போகிறவன் ஒரு வழி, கைவேலைக்குப் போகிறவன் ஒரு வழி. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் "எந்த குரூப்?" என்று கேட்டு, தொழிற்கல்விப் பிரிவு என்று பதில் வந்தால் முகம் சுருங்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிராவிடன்ஸில் அந்த இரண்டாவது வழியில் தள்ளப்பட்டவர்களில் ஏழைகளும் குடியேறிகளின் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளுமே அதிகம்.

மாநிலத்தின் கல்வி ஆணையராக இருந்த பீட்டர் மெக்வால்டர்ஸ் வழக்கமான தொழிற்கல்விப் பள்ளி இன்னொன்றைக் கட்ட விரும்பவில்லை. என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பொறுப்பு லிட்கியிடமும் வாஷரிடமும் வந்தது. 1995இல் இருவரும் 'பிக் பிக்சர்' என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன பதில் கேட்பதற்கு எளிமையானது: பள்ளிக்குள் பட்டறை கட்ட வேண்டாம். பட்டறையும் ஆஸ்பத்திரியும் அலுவலகமும் கடையும் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை நடத்தத் தெரிந்தவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். பிள்ளையை அங்கே அனுப்புவோம். எந்த இடத்துக்கு என்பதைப் பிள்ளையின் விருப்பம் முடிவு செய்யட்டும். தொழிற்கல்விக்கும் கல்லூரிப் படிப்புக்கும் நடுவில் சுவர் வேண்டாம். எல்லோரும் இன்டர்ன்ஷிப் போவார்கள், எல்லோரும் கல்லூரிக்கு விண்ணப்பிப்பார்கள்.

முதல் ஆண்டு சொந்தக் கட்டடம் கிடையாது. நகரின் நடுவில் ஷெப்பர்டு என்ற பழைய பல்பொருள் அங்காடி 1974இல் மூடிக் கிடந்து, பிறகு அரசால் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் 50 பிள்ளைகள். மதிப்பெண் பார்த்துச் சேர்க்கவில்லை; பெரும்பாலோர் பிராவிடன்ஸ் நகரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள்.

சைசர் 80 என்றார். லிட்கியும் வாஷரும் அதை 15க்கு அருகில் இறக்கினார்கள். ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ 15 பிள்ளைகள்; அதே 15 பேர்தான், நான்கு ஆண்டும். அவருக்கு ஆலோசகர் என்று பெயர். கணக்கு வாத்தியார், வரலாற்று டீச்சர் என்ற பிரிவினை அங்கே இல்லை. பிள்ளை என்ன படிக்கிறது, எங்கே வேலை பழகுகிறது, வீட்டில் என்ன நிலைமை, ஏன் இரண்டு நாளாகப் பேசவில்லை, எல்லாம் அவர் பொறுப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் படிப்புத் திட்டம். அதை எழுதும் மேசையில் பிள்ளை, ஆலோசகர், பெற்றோர், வேலையிடத்து வழிகாட்டி எல்லோரும் உட்காருவார்கள். தேர்வு மதிப்பெண்ணுக்குப் பதில் ஆசிரியர் பக்கம் பக்கமாக எழுதும் மதிப்பீடு.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும் பலர் இன்டர்ன்ஷிப்பையே பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்த 15 என்ற எண்தான். பிள்ளையை முன்பே அறிந்த ஒருவர் பள்ளியில் இல்லாவிட்டால், வெளியே அனுப்புவது வெறும் ஆள் அனுப்புவதாகிவிடும். எந்தப் பிள்ளை எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு பிள்ளை வேலையிடத்தைக் கண்டடையும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். "உனக்கு எது பிடிக்கும்?" என்ற கேள்விக்கு அவளுடைய முதல் பதில் "தெரியாது". எட்டு ஆண்டு பள்ளிக்கூடம் போனவளிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆலோசகர் விடமாட்டார். தெருவில் எதைப் பார்த்தால் நிற்பாய், எதைப் பற்றி யாரும் சொல்லாமலே படித்திருக்கிறாய் என்று வாரக்கணக்கில் துருவுவார். கடைசியில் நாய் என்று ஒரு சொல் வரும்.

அடுத்தது தொலைபேசி. ஊரிலுள்ள கால்நடை மருத்துவமனைகளின் பட்டியலை அவளே தயாரிக்க வேண்டும், அவளே கூப்பிட வேண்டும். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்கிறாள்: என் பெயர் இது, மெட் பள்ளியில் படிக்கிறேன், உங்கள் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள அரைமணி நேரம் தர முடியுமா? ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து மருத்துவமனை வரவேற்பாளராக நடிக்கிறார். இரண்டு முறை, மூன்று முறை. நாலாவது முறைதான் உண்மையான எண். மணி அடிக்கும்போது தாளைப் பிடித்த கை நடுங்குகிறது. முதல் இடத்தில் நேரமில்லை என்கிறார்கள். இரண்டாவது இடத்தில் பிறகு கூப்பிடு என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு மருத்துவர், சரி, வா என்கிறார்.

அந்த அரைமணி நேரச் சந்திப்பில் அவள் கேட்க வேண்டிய கேள்விகளையும் அவளே எழுதியிருக்கிறாள். நீங்கள் இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்? எந்த நாள் கஷ்டமான நாள்? அது நன்றாக அமைந்தால் ஒரு முழுநாள் நிழல்போலக் கூடவே இருந்து பார்க்கலாம். அதற்கு 'நிழல் நாள்' என்றே பெயர். அதன் பிறகு இரு பக்கமும் சரி என்றால்தான் இன்டர்ன்ஷிப். பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், மருத்துவரும் சொல்லலாம். கட்டாயப்படுத்தி உட்காரவைத்த வழிகாட்டி யாருக்கும் வழிகாட்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் மருத்துவமனையில். ஒரு நாயை எடை பார்க்கிறார்கள்: 48 பவுண்டு. மருந்துப் புட்டியில் அளவு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றிருக்கிறது. மருத்துவர் கணக்குப் போடுவதற்கு முன்பு அவளையும் ஒரு தாளில் போடச் சொல்கிறார். 48ஐ 2.2ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 21.8 கிலோ; கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 109. அவள் தாளில் 1090 என்று இருக்கிறது. மருத்துவர் திட்டவில்லை. நாயைக் காட்டுகிறார். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் இவனுக்கு என்ன ஆகும் என்கிறார். ஐந்தாம் வகுப்பு முதல் தசமம் படித்தவளுக்கு அன்றைக்குத்தான் தசமப் புள்ளி ஒரு பொருளாகக் கண்ணில் படுகிறது. புதன்கிழமை பள்ளிக்கு வந்ததும் ஆலோசகர் அதைப் பிடித்துக்கொள்வார்: அலகு மாற்றம், விகிதம், மருந்து உடலில் கரையும் வேகம். இனி சில வாரங்களுக்கு அதுதான் பாடம்.

வேலையிடத்தில் பிள்ளை செய்யும் திட்டப்பணி அங்குள்ளவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது மெட் வைத்த நிபந்தனை. நாய் வளர்ப்போருக்குத் தடுப்பூசி பற்றி ஒரு கையேடு என்றால், அதை அந்த மருத்துவமனை உண்மையிலேயே வாசலில் வைக்க வேண்டும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அதனாலேயே பிள்ளையை ஜெராக்ஸ் எடுக்கவும் காபி வாங்கவும் மட்டும் வைத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆலோசகர் வேலையிடத்துக்கு அடிக்கடி நேரில் போவது அதைத் தடுக்கத்தான்.

சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸிபிஷன். பெயர் கண்காட்சி என்றாலும் சுவரில் அட்டை மாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. பிள்ளை எழுந்து நின்று தான் கற்றதை ஒரு மணி நேரம் போலச் சொல்ல வேண்டும். எதிரில் பெற்றோர், ஆலோசகர், கூடப் படிப்பவர்கள், முடிந்தால் வழிகாட்டியும். கேள்வி யாரும் கேட்கலாம். படிக்காததை மதிப்பெண்ணுக்குப் பின்னால் மறைத்துவிடலாம். தன் வழிகாட்டி முன்வரிசையில் இருக்கும்போது மறைப்பது கடினம்.

குறைகளும் சொல்லப்பட்டன. நாய்க்கு மருந்தளவு கணக்கிடும்போது விகிதம் வரும், அல்ஜீப்ரா முழுதும் வருமா? வேலையிடத்தில் எதிர்ப்படாத பாடத்தை எப்போது படிப்பது? மாநிலத் தேர்வுகளில் கணிதம் மெட் பள்ளியின் பலவீனமாகவே பேசப்பட்டது. இது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். விருப்பத்தின் வழியே போகும் படிப்பில், விரும்பாத ஆனால் தேவையான ஒன்று ஒதுங்கிப்போகத்தான் பார்க்கும். மெட்டில் கணித ரீதியாகச் சிந்திப்பது, ஆதாரத்தோடு ஆராய்வது, சமூகத்தைப் புரிந்துகொள்வது, எழுதிப் பேசி வெளிப்படுத்துவது, சொந்தப் பண்புகள் என்று ஐந்து இலக்குகளை வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் திட்டத்தையும் அவற்றோடு ஒப்பிட்டு விடுபட்டதைத் தேடினார்கள். அது போதுமா என்பதில் வாதம் ஓயவில்லை. ஆனால் வழக்கமான பள்ளியில் ஐம்பது நிமிட அல்ஜீப்ரா வகுப்பின் கடைசி பெஞ்சில் தூங்கியவனுக்கும் அல்ஜீப்ரா வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1999இல் பீஸ் வீதியில் இரண்டாவது இடம். 2002இல் தெற்குப் பிராவிடன்ஸின் பப்ளிக் வீதியில் வளாகம். பள்ளி பெருத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரே பெரிய கட்டடமாகக் கட்டாமல், ஒவ்வொன்றிலும் நூற்றுச்சொச்சம் பிள்ளைகள் மட்டும் படிக்கிற சிறு பள்ளிகளாகப் பிரித்தே கட்டினார்கள். 2001இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பணம் வந்தபோது, இதே முறையில் மற்ற ஊர்களிலும் பள்ளிகள் தொடங்கின. நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்கூட இந்த முறை போனது. மதிப்பெண் இல்லாத பிள்ளையைப் பல்கலைக்கழகம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்ற சிக்கலுக்கு, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தனிச் சான்றிதழ் ஒன்றையே ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். 2010 மார்ச்சில் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசிய ஒபாமா, மெட் பள்ளியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட 2000ஆம் ஆண்டுதான் நினைவில் தங்குகிறது. ஷெப்பர்டு கட்டடத்துக்குள் பதினான்கு வயதில் நுழைந்தவர்கள் பதினெட்டு வயதில் முதல் அணியாக வெளியேறிய ஆண்டு அது. கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் தன் வரலாற்றை எழுத வேண்டும் என்பது அங்கே விதி, 75 பக்கம். எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் நிறுத்துகிற பிள்ளைகள் 75 பக்கம் எழுதுவதற்கு நான்கு ஆண்டு ஒருவர் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். அந்த ஆலோசகர்கள் தங்கள் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார்கள்.

அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் புதிய பிள்ளைகள் வந்தார்கள். ஆலோசகர் மறுபடியும் ஒரு பதினான்கு வயது முகத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். உனக்கு எது பிடிக்கும்? தெரியாது. சரி, இந்தத் தாளில் எழுது. தொலைபேசியில் முதல் வாக்கியம் என்ன சொல்வாய்?